தரவு முழுமை இடைமுகம்

தரவு முழுமை இடைமுகம் என்பது, வன்தட்டு போன்ற சேமிப்புக் கருவியில் எழுதப்பட்ட தரவு எழுதியபடியே இருக்கிறதா என்பதைக் காட்டும் சரிபார்ப்புத் தகவலை, சேமிப்புக் கருவிக்கும் பயன்பாட்டு மென்பொருளுக்கும் இடையே இயங்குதளம் கொண்டுசெல்வதற்கு அமைந்த வழியாகும். ஒரு கோப்பைப் படிக்கக் கேட்கும் மென்பொருளுக்குக் கோப்பின் பைட்டுகளை மட்டும் கொடுப்பது வழமையான இடைமுகம். அந்தப் பைட்டுகளை நம்பலாமா என்பதற்கான சான்றையும் சேர்த்துக் கொடுப்பது, அல்லது எழுதும்போது அச்சான்றை மென்பொருளிடமிருந்து பெற்றுக்கொள்வது, தரவு முழுமை இடைமுகம்.

இத்தகைய இடைமுகம் இல்லாதபோது, சேமிப்புக் கருவிக்கும் கருனிக்கும் தெரிந்த செய்தி மென்பொருளை வந்தடைவதில்லை. பழுதான தரவை நல்ல தரவு என எண்ணி மென்பொருள் பயன்படுத்தும். காப்புநகல் எடுக்கும் நிரல் அதையே நகலெடுத்து, முன்பிருந்த நல்ல நகலை அழித்துவிடவும் கூடும். வங்கிக் கணக்கு, நிலப்பதிவு, மருத்துவப் படம், எண்ணிமமாக்கப்பட்ட ஓலைச்சுவடி என நீண்ட காலம் பேணவேண்டிய தரவு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். இக்கட்டுரை பெரும்பாலும் லினக்ஸ் கருனியில் இவ்விடைமுகம் வளர்ந்த முறையை விளக்குகிறது. பேணுதலுக்கான எடுத்துக்காட்டாகத் தஞ்சாவூர்ச் சுவடிகள் இறுதிப் பகுதியில் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன.

பெயரும் பொருளும்

எழுதிய தரவு மாறாமல் திரும்பக் கிடைப்பதே தரவு முழுமை. தரவைப் பிறர் பார்க்காமல் காக்கும் மறைப்பு வேறு; தரவு எப்போதும் எட்டும் நிலையில் இருப்பது வேறு. மறைகுறியாக்கப்பட்ட கோப்பும் சிதையலாம். எப்போதும் இயங்கும் வழங்கியும் தவறான தரவைத் தரலாம்.

முழுமையை அறியப் பயன்படும் அடிப்படைக் கருவி சரிபார்ப்புத்தொகை. எடுத்துக்காட்டாக, நெல் கொள்முதல் நிலையத்தில் ஐந்து மூட்டைகளின் எடை 40, 41, 39, 40, 40 கிலோ எனக் குறித்து, அடியில் மொத்தம் 200 என எழுதுவதாகக் கொள்வோம். பின்னர் யாரேனும் 41 என்பதை 47 எனப் படித்தால், கூட்டிப் பார்க்கும்போது தொகை ஒத்துவராது, பிழை வெளிப்படும். ஆனால் 41, 39 ஆகிய இரண்டும் இடம் மாறினால் மொத்தம் மாறாது; பிழை தப்பிவிடும். இதனால் கணினிகளில் வெறும் கூட்டலுக்கு மாறாக, இடமாற்றத்தையும் கண்டுகொள்ளும் சுழற்சி மிகைமைச் சரிபார்ப்பு, அதாவது சி.ஆர்.சி., பரவலாகப் பயன்படுகிறது. வேண்டுமென்றே செய்யப்படும் மாற்றத்தையும் கண்டறிய வேண்டிய இடங்களில் எஸ்.எச்.ஏ.-256 போன்ற மறையீட்டுச் சுருக்கங்கள் பயன்படுகின்றன.

சிதைவு நேரும் இடங்கள்

வன்தட்டு தன் ஒவ்வொரு வட்டுக்கூற்றுக்கும் பிழைதிருத்தக் குறிகளை வைத்திருக்கிறது. காந்தப் பரப்பில் நேரும் சிறு பழுதுகளை அது தானே திருத்திக்கொள்ளும். திருத்த இயலாதபோது படிக்க முடியவில்லை என்று அறிவிக்கும். இது வெளிப்படையான பிழை. இதைவிடக் கேடு விளைவிப்பது, கருவி எவ்வறிவிப்பும் இன்றித் தவறான தரவைத் தரும் ஓசையற்ற சிதைவு. அதன் முக்கிய வகைகள்:

1. பிட்டுப் புரள்வு: நினைவகத்திலோ, இணைப்புக் கம்பியிலோ, கட்டுப்படுத்தியிலோ ஒரு பிட்டு 0 இலிருந்து 1 ஆகவோ, 1 இலிருந்து 0 ஆகவோ மாறுதல்.
2. இடந்தவறிய எழுத்து: சரியான தரவு தவறான முகவரியில் எழுதப்படுதல். இதில் இரண்டு இடங்கள் கெடுகின்றன.
3. தொலைந்த எழுத்து: எழுதிவிட்டதாகக் கருவி அறிவித்தும், உண்மையில் எழுதப்படாமல் பழைய தரவே இருத்தல்.
4. அரைகுறை எழுத்து: பல வட்டுக்கூறுகளை உடைய ஒரு தொகுதியில் சில மட்டும் எழுதப்பட்டு, மற்றவை பழையபடி இருத்தல்.

கடைசி இரண்டும் மின்தடையின்போது நேரக்கூடியவை. கருவியின் உள்நினைவகத்தில் காத்திருக்கும் தரவு, மின்சாரம் நின்றதும் மறைந்துவிடும். 2018 நவம்பரில் கசா புயல் கரையைக் கடந்தபின் காவிரிப் படுகையின் பல ஊர்கள் பல நாட்கள் மின்சாரம் இன்றி இருந்தன. இத்தகைய பகுதிகளில் இயங்கும் கணினிகளுக்கு இவ்வகைச் சிதைவு வெறும் ஏட்டளவிலான கருத்தன்று.

ஓசையற்ற சிதைவு அரிது. ஆயினும் கருவிகளின் எண்ணிக்கை பெருகும்போது உறுதியாக நேர்வது. 2008 இல் வெளியான ஓர் ஆய்வில் 15.3 இலட்சம் வன்தட்டுகள் 41 மாதங்கள் கவனிக்கப்பட்டன. அக்காலத்தில் 4 இலட்சத்திற்கும் மேற்பட்ட சரிபார்ப்புத்தொகைப் பொருந்தாமைகள் பதிவாயின.

தமிழ் எழுத்தில் ஒரு பிட்டு

ஒரு பிட்டு மாறுவதால் என்ன நேரும் என்பதைத் தமிழ் ஒருங்குறி அட்டவணை நன்கு காட்டுகிறது. அதில் "ர" 2992 ஆவது இடத்திலும் "ற" 2993 ஆவது இடத்திலும் உள்ளன. "ல" 2994, "ள" 2995. "ந" 2984, "ன" 2985. இந்த இணைகள் ஒவ்வொன்றிலும் இரண்டு எழுத்துகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு கடைசிப் பிட்டு ஒன்றே. யு.டி.எப்.-8 குறியாக்கத்தில் "ர" என்பது 224, 174, 176 என்னும் மூன்று பைட்டுகள். "ற" என்பது 224, 174, 177.

ஆகவே ஒரு பிட்டு புரண்டால் "கரை" என்பது "கறை" ஆகும். "விளைநிலம்" என்பது "விலைநிலம்" ஆகும். "அரை" என்பது "அறை" ஆகும். மாறிய பைட்டுகளும் முறையான யு.டி.எப்.-8 தான், எழுத்துரு அதை ஒழுங்காகவே காட்டும். சொல்லும் அகராதியில் உள்ள சொல்லாகவே அமைவதால் எழுத்துப்பிழை திருத்தியும் அதைப் பிடிக்காது. எண்களிலும் இதே நிலைதான். "1" என்னும் இலக்கத்தின் குறி 49, "9" இன் குறி 57. இரண்டுக்கும் இடையே ஒரு பிட்டே வேறுபாடு. ஒரு பட்டாவின் பரப்பளவில் அந்தப் பிட்டு புரண்டால் கணினியின் கண்ணுக்கு அதில் பிழை எதுவும் தெரியாது. தரவின் தோற்றத்தைக் கொண்டு அதன் முழுமையை அறிய இயலாது. தனியாக வைத்த சான்று வேண்டும்.

வழமையான இடைமுகத்தின் குறை

யுனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் மென்பொருள் "ரீட்" என்னும் முறைமை அழைப்பால் படிக்கிறது; "ரைட்" என்பதால் எழுதுகிறது. இரண்டிலும் கொடுக்கப்படுவன கோப்பு, நினைவக முகவரி, நீளம் ஆகியவையே. சரிபார்ப்புத்தொகையை வைக்க அதில் இடமில்லை. திரும்பி வருவதும் படித்த பைட்டுகளின் எண்ணிக்கை, அல்லது ஒரு பிழை எண் மட்டுமே.

பிழை எண்களும் போதிய செய்தியைத் தருவதில்லை. கம்பி கழன்றாலும், வட்டு பழுதானாலும், பிடிஆர்எப்எஸ் கோப்பு முறைமையில் சரிபார்ப்புத்தொகை பொருந்தாவிட்டாலும் மென்பொருளுக்குக் கிடைப்பது "உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை" என்னும் 5 ஆம் எண்ணே. லினக்சின் தொகுதி அடுக்கு, பாதுகாப்புத் தகவல் பொருந்தாமையைத் தனித்துக் காட்ட 84 ஆம் எண்ணைப் பயன்படுத்துகிறது. அந்த எண்ணின் முதற்பொருள் "முறையற்ற பைட்டு வரிசை" என்பது. எழுத்துக் குறியாக்கப் பிழைக்காக ஏற்பட்டது. எக்ஸ்எப்எஸ், ஈஎக்ஸ்டி4 ஆகிய கோப்பு முறைமைகள் தம் மீதரவின் சரிபார்ப்புத்தொகை பொருந்தாதபோது, வலையமைப்புக்கு உரிய "தவறான செய்தி" என்னும் 74 ஆம் எண்ணை இரவல் வாங்கியுள்ளன. உரிய சொல் இல்லாத மொழியில் பக்கத்துச் சொல்லைக் கொண்டு பேசுவது போன்ற நிலை இது.

காலமும் ஒரு சிக்கல். "ரைட்" அழைப்பு பெரும்பாலும் தரவைக் கருனியின் பக்கப் பதுக்ககத்தில் வைத்துவிட்டு உடனே திரும்பிவிடும். வட்டில் எழுதும்போது பிழை நேர்ந்தால் அதைப் பின்னர் "எப்சிங்க்" அழைப்பின் வழியாகவே அறிய முடியும். 2018 இல் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் தரவுத்தள உருவாக்குநர்கள் இதில் ஒரு பெருங்குறையைக் கண்டனர். "எப்சிங்க்" ஒருமுறை பிழை சொன்னபின் மீண்டும் அழைத்தால், தரவு வட்டில் சேராமலே வெற்றி எனத் திரும்பக்கூடும். ஏனெனில் எழுதத் தவறிய பக்கங்களை லினக்ஸ் கருனி தூய பக்கங்களாகக் குறித்துவிடுகிறது. மீண்டும் முயன்றால் போதும் என்று நம்பியிருந்த தரவுத்தளம், 2019 பிப்ரவரியில் வெளியான 11.2 பதிப்பு முதல், இத்தகைய பிழை கண்டவுடன் இயக்கத்தை நிறுத்திப் பதிவேட்டிலிருந்து மீளத் தொடங்குகிறது. இங்கே வட்டும் கருனியும் பிழையை அறிந்தேயிருந்தன. அவ்வறிவை மென்பொருளிடம் சேர்க்கும் வழியே சரியாக இல்லை.

முனைக்கு முனைக் கொள்கை

செரோம் சால்ட்சர், டேவிட் ரீட், டேவிட் கிளார்க் ஆகியோர் 1981 இல் மாநாட்டிலும் 1984 இல் ஆய்விதழிலும் வெளியிட்ட கட்டுரை, இத்துறையின் அடிப்படைக் கொள்கையை வகுத்தது. ஒரு செயல் சரியாக முடிந்ததா என்பதை அதன் இரு முனைகளில் உள்ளவர்களே முழுமையாகச் சரிபார்க்க முடியும். இடையில் உள்ள அடுக்குகள் செய்யும் சரிபார்ப்பு உதவியாகலாமே அன்றி ஈடாகாது என்பது அதன் கருத்து.

அக்கட்டுரையிலேயே ஓர் உண்மை நிகழ்வு சொல்லப்பட்டுள்ளது. மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தின் வலையமைப்பில் ஒவ்வோர் இணைப்பிலும் சரிபார்ப்புத்தொகை இருந்தது. ஆனால் இடையில் நின்ற ஒரு கணினி, தன் நினைவகத்திற்குள் தரவை நகர்த்தும்போது எப்போதாவது பைட்டுகளை இடம்மாற்றியது. வெளியே செல்லும்போது அந்தத் தவறான தரவுக்கே புதிய சரிபார்ப்புத்தொகை போடப்பட்டது. பழுது தெரியவந்தபோது மூலநிரல்களைப் பழைய அச்சுத்தாள்களோடு கையால் ஒப்பிட்டுத் திருத்த வேண்டியதாயிற்று.

சேமிப்பகத்திற்கும் இதே பாடம் பொருந்தும். சரிபார்ப்புத்தொகை எவ்வளவு வலிமையானது என்பதைவிட, அதை யார், எந்த இடத்தில் கணக்கிடுகிறார் என்பது முதன்மையானது. தரவு சிதைந்தபின் கணக்கிட்டால், அது பிழையான தரவுக்கு இட்ட சரியான முத்திரையாகிவிடும்.

பாதுகாப்புத் தகவல்

ஸ்கசி நெறிமுறைகளை வகுக்கும் டி10 குழு, ஒவ்வொரு வட்டுக்கூற்றோடும் 8 பைட்டுகள் கொண்ட பாதுகாப்புத் தகவலை இணைக்கும் முறையைத் தரப்படுத்தியது. இதனால் 512 பைட்டு கொண்ட கூறு 520 பைட்டாகிறது. அந்த 8 பைட்டுகளின் பகுப்பு:

1. காவற்குறி, 2 பைட்டு: தரவின் சி.ஆர்.சி. மதிப்பு. பிட்டுப் புரள்வைக் காட்டும்.
2. பயன்பாட்டுக் குறி, 2 பைட்டு: இயங்குதளமோ மென்பொருளோ தன் விருப்பப்படி பயன்படுத்தலாம்.
3. மேற்கோள் குறி, 4 பைட்டு: முதல் வகைப் பாதுகாப்பில் இது வட்டுக்கூற்று முகவரியின் கடைசி 32 பிட்டுகள். தரவு தவறான இடத்தில் எழுதப்பட்டால் காட்டும்.

இதன் சிறப்பு, இடையில் உள்ள கட்டுப்படுத்தியும் வட்டும் இத்தகவலைத் தாமே சரிபார்க்க முடிவதாகும். எழுதும்போது பொருந்தாமை தெரிந்தால், கெட்ட தரவு வட்டில் பதியும் முன்பே மறுக்கப்படும். கோப்பு முறைமைகளின் சரிபார்ப்புத்தொகை பிழையைப் பெரும்பாலும் படிக்கும்போதுதான் காட்டும். அதற்குள் நினைவகத்தில் இருந்த நல்ல தரவு போய்விட்டிருக்கும்.

என்விஎம்இ திண்மநிலை வட்டுகளின் நெறிமுறையும் இதே அமைப்பை ஏற்றுக்கொண்டது. 16 பிட்டு காவற்குறியில் 65,536 மதிப்புகளே உண்டு. பெரிய தொகுதிகளுக்கு அது போதாது எனக் கருதி, பின்னர் 64 பிட்டு காவற்குறியும் சேர்க்கப்பட்டது. லினக்ஸ் 2022 இல் இதற்கு ஆதரவு அளித்தது.

லினக்சில் வளர்ச்சி

டி10 தரம் கட்டுப்படுத்திக்கும் வட்டுக்கும் இடைப்பட்ட வழியை மட்டுமே காத்தது. கணினியின் நினைவகத்திலிருந்து கட்டுப்படுத்தி வரையுள்ள வழிக்கு அதை நீட்டும் வரையறையை ஆரக்கிள் நிறுவனம் பிற நிறுவனங்களோடு சேர்ந்து உருவாக்கியது. அந்நிறுவனத்தின் மார்ட்டின் பீட்டர்சன் எழுதிய தரவு முழுமைக் கட்டமைப்பு, 2008 அக்டோபரில் வெளியான லினக்ஸ் 2.6.27 இல் இடம்பெற்றது.

அதில் எடுக்கப்பட்ட இரண்டு முடிவுகள் குறிப்பிடத்தக்கவை. முதலாவது, நினைவகத்தில் தரவையும் பாதுகாப்புத் தகவலையும் தனித்தனி இடங்களில் வைத்தது. இயங்குதளத்தின் நினைவகப் பக்கம் 4096 பைட்டு. 520 பைட்டுத் துண்டுகள் அதில் ஒழுங்காக அமையா. இரண்டாவது, மேலடுக்கு சரிபார்ப்புத்தொகை தராவிட்டால் தொகுதி அடுக்கே அதைக் கணக்கிட்டுக்கொள்வது. பழைய மென்பொருள்கள் எம்மாற்றமும் இன்றி இயங்க இது வழிசெய்தது.

ஆனால் அந்த வசதியே நீண்ட காலம் எல்லையாகவும் நின்றுவிட்டது. பாதுகாப்பு, தொகுதி அடுக்கில் தொடங்கி வட்டில் முடிந்தது. அதற்கு மேலே உள்ள பக்கப் பதுக்ககத்திலோ மென்பொருளிலோ தரவு சிதைந்தால், சிதைந்த தரவுக்கே கருனி முத்திரையிட்டது. மென்பொருளுக்குப் பொதுவான இடைமுகம் வேண்டும் என்ற முன்மொழிவுகள் 2014 அளவில் எழுந்தும் கருனியில் சேரவில்லை. வட்டுக்கு நேரடிக் கட்டளை அனுப்பும் சிறப்பு வழிகள் மட்டும் இருந்தன.

இந்நிலை 2025 மார்ச்சில் வெளியான லினக்ஸ் 6.14 உடன் மாறியது. 2019 முதல் லினக்சில் உள்ள "ஐஓ யூரிங்" என்னும் உள்ளீட்டு வெளியீட்டு இடைமுகத்தில், படிக்கும் அல்லது எழுதும் வேண்டுகோளோடு ஒரு பண்புக்கூறாகப் பாதுகாப்புத் தகவலை இணைக்கும் வசதி சேர்க்கப்பட்டது. அனுஜ் குப்தா, காஞ்சன் ஜோஷி ஆகியோர் இதற்கான நிரல் ஒட்டுகளை எழுதினர். மென்பொருள் தன் பாதுகாப்புத் தகவல் இருக்கும் முகவரி, அதன் நீளம், பயன்பாட்டுக் குறி, மேற்கோள் குறியின் தொடக்க மதிப்பு, மூன்று குறிகளில் எவற்றைச் சரிபார்க்க வேண்டும் என்னும் கொடிகள் ஆகியவற்றை இதில் கொடுக்கலாம். பதுக்ககத்தைத் தவிர்க்கும் நேரடிப் படிப்பு எழுத்துக்கு இது உரியது. இதனால் தரவை உண்டாக்கும் இடத்திலேயே சான்றும் உண்டாக்கப்பட்டு, வட்டு வரை மாறாமல் செல்ல முடிகிறது.

கோப்பு முறைமை வழி

சிறப்பு வட்டுகள் இல்லாமலே முழுமையைப் பேணும் வழி, சரிபார்ப்புத்தொகையைக் கோப்பு முறைமையே வைத்துக்கொள்வது. சன் நிறுவனம் 2005 இல் வெளியிட்ட இசட்எப்எஸ், ஒவ்வொரு தொகுதியின் சரிபார்ப்புத்தொகையையும் அத்தொகுதியிலேயே வைக்காமல், அதைச் சுட்டும் தாய்த்தொகுதியில் வைத்தது. இதனால் தொலைந்த எழுத்தும் அகப்படும். பழைய தொகுதி தன்னளவில் ஒழுங்காக இருந்தாலும் தாய்த்தொகுதியில் உள்ள புதிய தொகையோடு பொருந்தாது. டி10 முறையில் இது தப்பிவிடும். ஏனெனில் பழைய தரவோடு பழைய காவற்குறியும் பழுதின்றி அங்கேயே இருக்கும். 2009 இல் லினக்சில் சேர்ந்த பிடிஆர்எப்எஸ் சரிபார்ப்புத்தொகைகளைத் தனி மரமாக வைத்துள்ளது.

இவ்விரண்டும் ஆடி நகல் இருந்தால் பழுதைத் தாமே சரிசெய்துகொள்ளும். ஆயினும் கணக்கிட்ட தொகையை மென்பொருளிடம் கொடுப்பதற்குப் பொதுவான முறைமை அழைப்பு இல்லை. மென்பொருள் அறிவது பிழை நேர்ந்தது என்பதை மட்டுமே.

2019 நவம்பரில் வெளியான லினக்ஸ் 5.4 இல் சேர்ந்த "எப்எஸ் வெரிட்டி" இதற்கு ஒரு விலக்கு. இனி மாறாது என்று முடிவு செய்த கோப்பில் இதை இயக்கினால், கோப்பு படிக்க மட்டும் உரியதாகிறது. அதன் தொகுதிகளின் சுருக்கங்கள் மரமாகக் கோக்கப்படுகின்றன. மரத்தின் வேரைக் கொண்டு அமைந்த ஒரே சுருக்கத்தை மென்பொருள் கருனியிடம் கேட்டுப் பெறலாம். பின்னர் படிக்கப்படும் ஒவ்வொரு தொகுதியும் அம்மரத்தோடு ஒப்பிடப்படுகிறது. பொருந்தாவிட்டால் தரவு கொடுக்கப்படுவதில்லை.

வடிவமைப்புச் சிக்கல்கள்

இத்தகைய இடைமுகத்தை வடிவமைப்போர் விடைகாண வேண்டிய முக்கிய வினாக்கள்:

1. தீர்ப்பா, சான்றா? சரி அல்லது தவறு என்று மட்டும் சொல்வது எளிது. சரிபார்ப்புத்தொகையையே கொடுத்தால் மென்பொருள் தானே சரிபார்த்துக்கொள்ளலாம். நடுவே உள்ள அடுக்குகளை நம்ப வேண்டியதில்லை.
2. அளவு. மென்பொருள் எண்ணுவது பைட்டில், கோப்பு முறைமை 4096 பைட்டுத் தொகுதியில், வட்டு 512 அல்லது 4096 பைட்டுக் கூற்றில். மென்பொருள் 10 பைட்டு கேட்டால் எந்தக் கூற்றின் சான்றைக் கொடுப்பது என்பதற்கு நேரான விடை இல்லை. நேரடிப் படிப்பு எழுத்துக்கே முதலில் வசதி செய்யப்பட்டதன் காரணங்களில் இதுவும் ஒன்று.
3. எழுதும்போதே மாறும் நினைவகம். தொகையைக் கணக்கிட்டபின், வட்டில் சேரும்முன் மென்பொருள் அதே பக்கத்தை மாற்றினால் பழுதற்ற வட்டும் பொய்யான பிழையைக் காட்டும். எழுதி முடியும்வரை பக்கத்தை மாற்றவிடாமல் நிறுத்தினால் வேகம் குறையும்.
4. பயன்பாட்டுக் குறி யாருக்கு உரியது? 16 பிட்டு இடத்தைக் கோப்பு முறைமையும் தரவுத்தளமும் ஒருங்கே கேட்டால் முரண் எழும்.
5. பிழை கண்டபின் என்ன செய்வது? எந்தக் கூற்றில், எந்தக் குறி பொருந்தவில்லை, வேறு நகல் உண்டா என்பவை தெரிந்தால்தான் மென்பொருள் மீள முடியும்.
6. ஒத்தியங்கல். இடைமுகத்தை அறியாத பழைய மென்பொருள் முன்போலவே இயங்க வேண்டும். அறிந்த மென்பொருள், கருவியில் இவ்வசதி உண்டா என்பதை முன்கூட்டிக் கேட்டறிய வேண்டும்.

பிற இயங்குதளங்கள்

விண்டோசு வழங்கி 2012 உடன் வந்த ரீஎப்எஸ் கோப்பு முறைமையில், ஒரு கோப்பின் தரவுக்குச் சரிபார்ப்புத்தொகை வேண்டுமா என்பதை மென்பொருளே அமைக்கவும் கேட்டறியவும் முடியும். ஆடி நகல் உள்ள சேமிப்பகத்தில் குறிப்பிட்ட ஒரு நகலைப் படிக்கக் கேட்கும் வசதியும் விண்டோசில் உண்டு. பிழை கண்ட தரவுத்தளம் அடுத்த நகலைத் தானே பார்க்கலாம். ஆப்பிள் நிறுவனத்தின் ஏபிஎப்எஸ் தன் மீதரவுக்கு மட்டுமே சரிபார்ப்புத்தொகை வைக்கிறது. பயனரின் தரவுக்கு வைப்பதில்லை.

இடைமுகத்திற்காகக் காத்திராமல் பல தரவுத்தளங்கள் தம் பக்கங்களுக்குள்ளேயே தொகையை வைத்துக்கொள்கின்றன. போஸ்ட்கிரெஸ்க்யூஎல் 2013 இல் வெளியான 9.3 பதிப்பில் இவ்வசதியைத் தந்தது. 2025 இல் வெளியான 18 ஆம் பதிப்பில் புதிய தரவுத்தளங்களுக்கு அது இயல்பாகவே இயக்கப்பட்டுள்ளது.

எடுத்துக்காட்டு: தஞ்சைச் சுவடிகள்

நகலோடு சான்றையும் வைக்கும் வழக்கம் கணினிக்கு மிக முந்தியது. தஞ்சாவூர் அரண்மனையில் உள்ள சரசுவதி மகால் நூலகம் நாயக்கர் காலத்தில் தோன்றி, 1798 முதல் 1832 வரை ஆண்ட மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோசியால் பெரிதும் வளர்ந்தது. அங்குள்ள வடமொழிச் சுவடிகளுக்கு 1928 முதல் வெளியான விளக்க அட்டவணை, ஒவ்வொரு சுவடிக்கும் ஏடுகளின் எண்ணிக்கை, பக்கத்திற்கான வரிகள் ஆகியவற்றோடு கிரந்த எண்ணிக்கையையும் குறிக்கிறது. இங்குக் கிரந்தம் என்பது 32 எழுத்துகள் கொண்ட ஓர் அளவு. இவ்வெண்ணிக்கை ஒருவகைச் சரிபார்ப்புத்தொகையே. ஏடு தொலைந்தாலோ பகுதி விடுபட்டாலோ அது காட்டிவிடும். ஓர் எழுத்துக்கு மாறாக வேறோர் எழுத்து எழுதப்பட்டால் காட்டாது.

நகலெடுத்தலில் உள்ள இடர்ப்பாட்டுக்கும் இவ்வட்டாரத்தில் ஒரு சான்று உண்டு. கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள திருமழபாடிக் கோயிலின் விமானத்தைப் பிரித்துக் கட்டும்முன், சுவரில் இருந்த கல்வெட்டுகளை ஏட்டில் படியெடுத்து வைக்க முதலாம் இராசராசன் ஆணையிட்டான். முதலாம் இராசேந்திரன் காலத்தில் அவை புதிய சுவரில் மீண்டும் பொறிக்கப்பட்டன. பழைய கல் அகன்றபின், அந்தக் கொடைகளுக்கும் நில எல்லைகளுக்கும் இடைக்கால ஏடே ஒரே ஆதாரம். ஏட்டில் நேர்ந்த பிழை எதுவாயினும் அது கல்லில் உறுதியான எழுத்தாகிவிடும்.

ஓலைச்சுவடியின் எண்ணிமப் படமும் அத்தகைய இடைக்கால ஏடாக மாறக்கூடும். ஓலை சில நூற்றாண்டுகளில் நொறுங்கும். அதன்பின் படமே மூலம். அழுத்தப்படாத படத்தில் ஒரு பிட்டு மாறினால் ஒரு புள்ளியின் நிறமே மாறும். ஜேபெக் போன்று அழுத்தப்பட்ட படத்தில், ஒரு பிட்டு அதற்குப் பின்வரும் பகுதி முழுவதையும் குலைக்கலாம்.

இத்தகைய படங்கள் ஒருமுறை எழுதப்பட்டபின் மாறாதவை ஆகையால் எப்எஸ் வெரிட்டி போன்ற இடைமுகம் இவற்றுக்குப் பொருந்தும். படம் எடுத்தவுடன் அதை இயக்கி, கருனி தரும் சுருக்கத்தைச் சுவடி அட்டவணையில் ஏடுகளின் எண்ணிக்கைக்கு அருகே பதிந்துவைக்கலாம். வேறு ஊருக்கு அனுப்பிய நகலும், பத்தாண்டுக்குப் பின் புதிய வட்டுக்கு மாற்றிய நகலும் அதே அமைப்புகளோடு கணக்கிட்டால் அதே சுருக்கத்தைத் தரவேண்டும். எனினும் கருனி இச்சுருக்கத்தைக் கோப்பு முழுவதையும் படிக்காமலே தருகிறது. தொகுதிகள் படிக்கப்படும்போதே ஒப்பிடப்படுகின்றன. ஆகவே குறிப்பிட்ட கால இடைவெளியில் கோப்புகளை முழுமையாகப் படித்துப் பார்ப்பதும் இன்றியமையாதது. ஏட்டைப் புரட்டினால்தான் பூச்சி அரித்தது தெரியும்.

வரம்புகள்

சரிபார்ப்புத்தொகை பழுதைக் காட்டுமே அன்றிச் சரிசெய்யாது. சரிசெய்ய மற்றொரு நல்ல நகல் வேண்டும். சான்று உண்டாக்கப்படும் முன்னரே தரவு தவறாக இருந்தால், எவ்விடைமுகமும் அதை அறியாது. படமெடுத்தவர் ஓர் ஏட்டை விட்டுவிட்டால், விடுபட்ட தொகுப்பே முழுமையானதாகச் சான்றளிக்கப்படும். சி.ஆர்.சி. தற்செயல் பிழைக்கு உரியது. தரவை மாற்றுபவர் தொகையையும் மாற்றி எழுதிவிட முடியும்.

மேலும், இடைமுகம் தரும் செய்தியை மென்பொருள் பயன்படுத்தினால்தான் பயன் உண்டு. "ரைட்", "எப்சிங்க்" ஆகியவை திருப்பித்தரும் பிழை எண்ணைப் பார்க்காமல் விடும் நிரல்கள் பல உள்ளன. அவற்றுக்கு எவ்வளவு நுட்பமான சான்றைக் கொடுத்தாலும் அது படிக்கப்படாத கடிதமே.

இவற்றையும் பார்க்கவும்

சரிபார்ப்புத்தொகை
கோப்பு முறைமை
லினக்ஸ் கருனி
காப்புநகல்
ஒருங்குறி
ஓலைச்சுவடி
சரசுவதி மகால் நூலகம்